இரண்டு தட்டுக்கு நான் விட்ட பந்து

கவிதா, பிரபு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் டிவியில் ஒரு மேட்ச் பார்த்தோமே, அதில் ஒருவன் கோல் போட்டுவிட்டு ஓடவும் இல்லை, குதிக்கவும் இல்லை. இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றான். போன வருடம் வரைக்கும் எதிர் அணியில் ஆடியவனாம். "பாவம்ப்பா, மனசு கஷ்டமா இருக்கும்ல" என்றாள் கவிதா. "சும்மா நடிப்புதான்க்கா, எல்லாம் கேமராவுக்கு" என்றான் பிரபு. அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினீர்கள். "நீங்க பழைய டீமுக்கு எதிரா ஆடியிருக்கீங்களாப்பா? கோல் போட்டீங்களா?"

போடவில்லை. நான் அவர்களுக்கு ஒரு கோல் கொடுத்தேன்.

வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா ரசம் ஊற்ற வருவாள், கதை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பு இருக்காது.

ஆடப் பழகியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அறுப்பு, நடவு என்று அடுத்தவர் வயலில் வேலை செய்த குடும்பம். பதினாறு வயதில் மதுரைக்கு வந்து சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்கினேன். சாயங்காலம் கடைக்காரப் பையன்கள் எல்லாம் வைகை ஆற்று மணலில் பந்து ஆடுவார்கள். நானும் இறங்கினேன். மூட்டை தூக்கிய தோள், மணலில் ஓடிய கால். ஸ்டாப்பராக நிறுத்திவிட்டார்கள். கோல் கீப்பருக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் வெட்டி அனுப்புகிற வேலை. ஏழு வருடம் அங்கே ஆடினேன். ஆத்துக்கரை டீம் என்றுதான் எங்களைச் சொல்வார்கள்.

அந்த டீமின் கேப்டன் ராஜாங்கம் அண்ணன். வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். நடு மைதானத்தில் ஆடுவார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

நாங்கள் ஆடிய இடம் பாலத்துக்குப் பக்கத்தில். மேலே டவுன் பஸ், ஆட்டோ, சரக்கு லாரி எல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே போகும். "விடு", "வாரேன்", "பின்னால ஆளு" என்று கத்தினால் ஒன்றும் கேட்காது. ஆனால் வெறுங்கையைக் குவித்துத் தட்டினால் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். அதனால் ராஜாங்கம் அண்ணன் எல்லாவற்றையும் கைத்தட்டாக மாற்றிவிட்டார். இரண்டு தட்டு வேகமாகத் தட்டினால், "நீ பந்தைத் தொடாதே, நான் வருகிறேன்" என்று அர்த்தம். அதுபோல் இன்னும் ஐந்தாறு உண்டு. அவற்றை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

ஏழு வருடம் சாயங்காலமெல்லாம் அந்தத் தட்டைக் கேட்டால் என்ன ஆகும்? யோசிக்கவே வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தில் விரல் பட்டால் கை தானாக வருகிறதல்லவா, அதுபோல் இரண்டு தட்டுக்குக் கால் தானாக வரும்.

இருபத்து நான்கு வயதில் மில்லில் ஆள் எடுத்தார்கள். காளவாசலைத் தாண்டி மேற்கே இருந்த நூல் மில். அந்தக் காலத்தில் மில்களுக்கு எல்லாம் டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுப்பார்கள். ஆனால் ஒரு வருடம் பார்ப்பார்கள். மிஷினிலும் சரியாக நிற்க வேண்டும், மைதானத்திலும் சரியாக நிற்க வேண்டும். டீம் மேனேஜர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி மூட்டை. எங்கள் வம்சத்தில் மாதம் ஒன்று பிறந்தால் சம்பளம் என்று ஒன்றை யாரும் பார்த்தது கிடையாது. என் தங்கை கல்யாணம் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பேசி நின்றது.

நான் போகிறேன் என்று சொல்ல மண்டிக்குப் போனேன். ராஜாங்கம் அண்ணன் தராசுத் தட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல வேலைடா மாப்ள. போ. யோசிக்காத."

"கோவமாண்ணே?"

"எனக்கென்ன கோவம்? லீக்குல எதுக்க வருவேல்ல, அப்ப இருக்கு ஒனக்கு. கால ஒடிச்சுப் பார்சல் பண்ணி மில்லுக்கே அனுப்புறேன்."

சிரித்துக்கொண்டே ஒரு வெங்காயத்தை எடுத்து என் மேல் எறிந்தார். கைத்தட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம் எதுவும் வாங்கவில்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

மில்லில் டீம் மேனேஜர் தங்கவேல் சார். நூலின் தரம் பார்க்கிற பிரிவுக்கு அவர்தான் தலைமை. கால்பந்து ஆடியவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைப்பார்.

நூலில் பழுது வந்தால் எந்த மிஷின், எந்த ஷிப்ட், யார் நின்றது என்று எழுதுகிற நோட்டு அவரிடம் உண்டு. அதே மாதிரி ஒரு நோட்டைக் கால்பந்துக்கும் வைத்திருந்தார். நாங்கள் ஒரு கோல் வாங்கினால், யார் பக்கமாகப் பந்து போனதோ அவன் திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய்த் தன் கையால் எழுத வேண்டும். நான்கு கேள்விதான். பந்து எங்கிருந்து வந்தது? நீ எங்கே நின்றாய்? எதைப் பார்த்தாய்? என்ன செய்தாய்? "ஏன்" என்ற கேள்வி கிடையாது. ஒருமுறை கேட்டேன்.

"ஏன்னு கேட்டா கதை சொல்லுவீங்க. நாலையும் சரியா எழுதினா, ஏன்னு எனக்கே தெரிஞ்சுரும்" என்றார்.

ஆத்துக்கரை டீமுடன் லீக் ஆட்டம் வந்தது. எனக்கு அது பத்தாவது மாதம். எங்களுக்கு ஒரு புள்ளி கிடைத்தால் போதும், டிரா ஆனாலே அடுத்த சுற்று. ஆட்டத்துக்கு முதல் நாள் சார் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சார் என்னைப் பார்த்தார்.

"பெரியசாமி, உங்க பழைய ஆளுக ஆடும்போது கை தட்டுறாங்களே. சும்மா தட்டுறாங்களா, அர்த்தம் இருக்கா?"

"இருக்கு சார்."

"என்ன அர்த்தம்?"

"தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன்."

கீப்பர் முத்துச்சாமி அண்ணன்தான் முதலில் பேசினார். வாய்த் துடுக்கு கொஞ்சம் அதிகம் அவருக்கு.

"அடேயப்பா! சோறு இங்க, விசுவாசம் அங்கயா? பேசாம நாளைக்கு அந்தப் பக்கமே நின்னுக்க, ஒரு ஆளு கொறையுதாம்."

"என் பக்கம் ஒரு பந்து போகாதுண்ணே. அத நான் பாத்துக்கறேன்" என்றேன். திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. சொல்ல வேண்டாம். ஆனா பதில் நீதான் எழுதணும்" என்றார்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆத்துக்கரை ஆட்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஒருவன் என் சட்டையைத் தடவிப் பார்த்து, "மில்லு சட்டடா, ஒடம்புல ஒட்டாம மினுமினுங்குது பாரு" என்றான். ராஜாங்கம் அண்ணன், "நல்லாருக்கியா மாப்ள" என்று மட்டும் கேட்டார். இருபது நிமிடம் நன்றாகத்தான் ஆடினேன். அவர்கள் யார் எந்தக் காலால் அடிப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. நான்கு பந்தை வெட்டினேன். கூட்டத்தில் கூடக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. அவர்களுடைய வலது பக்கத்து ஆள் தரையோடு ஒரு பந்தைக் குறுக்கே அனுப்பினான். அவர்கள் ஆள் ஒருவன் என்னை ஒட்டி நின்றான். பந்துக்கு நான்தான் பக்கம். காலைத் தூக்கிவிட்டேன். பின்னால் இருந்து, படக் படக் என்று இரண்டு தட்டு.

கால் தானாக உள்ளே வந்துவிட்டது. பந்து எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனது. ராஜாங்கம் அண்ணன் ஓடி வந்து ஒரே அடி. கோல்.

அவர் குதிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தட்டியது அவருடைய ஆளுக்கு. நானும் சேர்ந்து விடுவேன் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

முத்துச்சாமி அண்ணன் ரெஃப்ரியிடம் ஓடினார். "கை தட்டி ஏமாத்துறாங்க சார்! கோல் செல்லாது!" அப்படி ஒரு விதி உண்டு. எதிராளியை ஏமாற்றச் சத்தம் கொடுத்தால் குற்றம். தன் ஆளுக்குக் கொடுத்தால் குற்றமில்லை. ரெஃப்ரிக்கு யார் யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ஒன்னத்தான் ஏமாத்தத் தட்டுனாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோல் போயிருக்கும், என் தப்பும் போயிருக்கும். மில்லின் பத்து ஆட்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார். அவங்க ஆளுக்குத்தான் தட்டுனாங்க. நான் விட்டது என் தப்பு."

ரெஃப்ரி நடு மைதானத்தைக் காட்டினார். கோல்தான்.

பிள்ளைகளா, நல்லவனாக இருப்பது அந்த நிமிடம் சுகமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் ஆட்கள் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எலுமிச்சைத் துண்டு வைத்த தட்டு என்னைத் தாண்டிப் போனது.

"இவன வெளிய எடுங்க சார்" என்றார் முத்துச்சாமி அண்ணன். "நேத்துக் கேட்டம், சொல்ல மாட்டேன்னான். இப்பப் பந்த விட்டான். ரெஃப்ரி கேட்டா அவங்களுக்குச் சாட்சி சொல்றான். இன்னும் என்ன செய்யணும் அவன்? கழுத்துல மாலை போட்டு அனுப்பி வைக்கணுமா?"

சார் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"பெரியசாமி, அடுத்த பாதியில என்ன செய்யப் போற?"

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அந்த இடைவேளையில் ஒன்று பிடிபட்டிருந்தது. மனதுக்குச் சொல்லி மாற்றிவிடலாம். காதுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"பஞ்சு வேணும் சார்" என்றேன்.

"என்னது?"

முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்து உருட்டினேன். இரண்டு காதிலும் அடைத்தேன். மில் வேலையில் எங்கள் பிரிவில் எல்லோரும் செய்வதுதான். நூற்கிற மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் காது போய்விடும் என்று கழிவுப் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம்.

முத்துச்சாமி அண்ணன் என் முகத்துக்கு நேராக வந்து கத்தினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "காத அடச்சுக்கிட்டா நான் கூப்புடுறது எப்படிடா கேக்கும்?"

"மில்லுக்குள்ள எப்படிண்ணே கேக்குது?"

மில்லுக்குள் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லாம் கைச் சாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நில். விரலைச் சுழற்றினால் உன் பக்கம் பார். நெஞ்சில் தட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து மிஷின்காரன் என்ன சினிமாவுக்குப் போனான் என்பதுவரை கையாலேயே பேசுவோம். எங்கள் டீமில் பதினொரு பேருக்கும் அந்தப் பாஷை தெரியும். ஆனால் மைதானத்துக்கு வந்ததும் மறந்துவிட்டு எல்லோரையும்போல் கத்திக்கொண்டிருந்தோம்.

யாரோ ஒருத்தர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. முத்துச்சாமி அண்ணனைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மில்லில் எனக்குக் கொடுத்த வேலைக்குச் சைடர் என்று பெயர். இரண்டு பக்கமும் மிஷின், நடுவில் சந்து. அந்தச் சந்தில் ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். நடக்கும்போதே தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்து மாதமாக அப்படி நடந்தவன், மைதானத்தில் மட்டும் காதை நம்பி நின்றிருக்கிறேன். அன்றைக்குப் பின்பாதியில்தான் கண்ணை நம்பி நின்றேன். ஒரு பார்வை பந்து, ஒரு பார்வை பின்னால் கீப்பர் கை, ஒரு பார்வை ஓடி வருகிறவன்.

உலகமே ஊமையாகிவிட்டதுபோல் இருந்தது. ஒரு கூத்தும் நடந்தது. ரெஃப்ரி ஏதோ ஃபவுலுக்கு விசில் அடித்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் நிற்க, நான் மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, ஓங்கி உதைத்து மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு, என்ன அழகாக அடித்தேன் என்று நின்றேன். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. ரெஃப்ரி வந்தார். காதைக் காட்டினேன். பஞ்சை எடுத்துப் பார்த்தார்.

"காது வலியா?"

"இல்ல சார். கேக்காம இருக்கத்தான்."

"விசிலுக்கு நிக்கணும். அடுத்த தடவ கார்டுதான்" என்று பஞ்சைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் வெட்டிய நீளப் பந்து ஒன்றைப் பிடித்து எங்கள் இடது பக்கத்து ஆள் கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் அவன் மேல் விழுந்து கொண்டாடினார்கள். நான் என் இடத்தை விட்டுப் போகவில்லை.

முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது அதே பந்து மறுபடி வந்தது. அதே வலது பக்கம், அதே தரையோடு. தலையைத் திருப்பினேன். முத்துச்சாமி அண்ணன் விரலைச் சுழற்றுகிறார், உன் பக்கம் என்று. முன்னால் பார்த்தால், என்னை ஒட்டி நின்றவன் பந்துக்குப் போகாமல் காலை அகட்டுகிறான். கை தட்டிவிட்டார்கள் என்று அவன் காலைப் பார்த்துத் தெரிந்தது. ஓரக்கண்ணில் ராஜாங்கம் அண்ணன் ஓடி வருவது தெரிந்தது. நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. பாய்ந்து வெட்டினேன். பந்தும் போனது, ராஜாங்கம் அண்ணனும் நானும் கட்டிப் புரண்டு விழுந்தோம்.

அப்புறம் விசில். அதை நான் கேட்கவில்லை. எல்லோரும் கை குலுக்கியதைப் பார்த்துத்தான் முடிந்தது என்று தெரிந்தது.

மண்ணில் உட்கார்ந்தபடியே ராஜாங்கம் அண்ணன் என் காதில் இருந்து பஞ்சைப் பிடுங்கினார்.

"சொல்லலைல்ல?"

"இல்லண்ணே."

"தெரியும். சொல்லியிருந்தா அந்த மொதப் பந்துக்கே ஒங்க கீப்பரு வெளிய வந்துருப்பான். அம்புட்டு அறிவுகெட்டவன் இல்ல அவன்." எழுந்து என்னையும் கை கொடுத்துத் தூக்கினார். "ஏண்டா, ரெஃப்ரிகிட்ட ஆமான்னு சொல்லிருக்கலாம்ல? எனக்கே ஒரு நிமிசம் பக்குனு ஆயிருச்சு."

"நீங்க எனக்குத் தட்டலையேண்ணே."

"ஒனக்குத் தட்டித் தட்டிப் பழகுன கைடா" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு சார் அறைக்குப் போனேன். டீம் முழுக்க அங்கே இருந்தது. நோட்டைத் தள்ளினார். எழுதினேன். பந்து வலது பக்கமிருந்து தரையோடு வந்தது. நான் பந்துக்குப் பக்கத்தில், ஒரு அடி தூரத்தில் நின்றேன். எதைப் பார்த்தாய் என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்து எழுதினேன்: ஒன்றும் பார்க்கவில்லை, கேட்டேன். என்ன செய்தாய்: தொடக்கூடிய பந்தைத் தொடவில்லை.

சார் நோட்டை முத்துச்சாமி அண்ணனிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். படித்து முடித்தும் நோட்டை மூடவில்லை.

"அடுத்த சுத்துக்கு அவங்களும் வர்றாங்க" என்றார் சார். "திரும்ப எதுக்க ஆடணும். இப்பச் சொல்லு பெரியசாமி. மத்தத் தட்டுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

"சொல்ல முடியாது சார்."

"ஒன் காகிதம் இந்த மேஜையிலதான் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பதில் மாறாது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மூட்டை தூக்கிய தோள் எங்கேயும் போய்விடவில்லை. அதை நம்பித்தான் நின்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணியை எடுப்பதற்குள் முத்துச்சாமி அண்ணன் பேசினார்.

"விடுங்க சார். அங்கருந்து இங்க வந்தவன், அவங்களோடதச் சொல்லல. நாளைக்கு இங்கருந்து எங்க போனாலும் நம்மளோடதையும் சொல்ல மாட்டான். எனக்கு முன்னால நிக்கறதுக்கு இப்படி ஒருத்தன்தான் வேணும்."

சார் துணியைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் துடைக்காமலே போட்டுக்கொண்டார். வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தும், இழுப்பறையில் இருந்த என் நிரந்தரக் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"பேரு பெரியசாமி. அப்பா பேரு?"

வயலில் நின்றவர், ஒரு காகிதத்திலும் கைநாட்டைத் தவிர வேறு வைக்காதவர், உங்கள் தாத்தா.

"மாயாண்டி சார்" என்றேன்.

எழுதினார். நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.